கோட்டைக்கு லீவு

கோட்டையில் பியூன் வேலை என்று பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வந்த குப்பம்மா, "பொண்ணுக்கு அப்பன் எங்க?" என்று கேட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் திருவேங்கடம் கோட்டை வாசலை மிதித்தவனே அல்ல. கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட்டில் கைவண்டி இழுக்கிறான். முந்தின வருஷம் ஆடி மாசம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவன், இந்தப் பங்குனி வரைக்கும் வீடு இருக்கிற மண்ணூர்ப்பேட்டைப் பக்கம் தலை காட்டவில்லை. சாவடியிலேயே வெங்காய மண்டியில் கூட்டி அள்ளுகிற ஒருத்தியோடு இருக்கிறான். பஞ்சவர்ணம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "நீ போ, பின்னாலயே வரேன்" என்றான். அந்தப் பின்னால் இன்னும் முடியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "பட்டணத்துல வேல, லீவு குடுக்க மாட்றாங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பாதி நிஜமாகிவிட்டிருந்தது.

அவள் சித்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த ஷெட்டுக்குக் கூரை போட்டாலும் கலவைச் சட்டி தூக்குகிற வரிசையில் அவள் இருப்பாள். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் நாற்று நட்டாள். நட்டபோதும் கூலி, சுமக்கும்போதும் கூலி. மண்தான் கை மாறியது. மகள் வசந்தாவை மட்டும் சட்டி தூக்க விடவில்லை. வேப்பம்பட்டு வேம்புலிக்கும் குப்பம்மாவுக்கும் மகனான ஜெயராமனுக்கு ஆவடி டாங்கி பாக்டரியில் சாமான் ஏற்றி இறக்குகிற கலாசி வேலை. மாசச் சம்பளம், காக்கிச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை லீவு. இப்படி ஒரு இடம் சித்தாள் வீட்டு வாசலுக்கு வந்தால் வாயில் பொய் வராமல் வேறு என்ன வரும்?

பெண் பிடித்துவிட்டது. ஆனால் குப்பம்மா கை நனைக்கவில்லை. பெண் வீட்டில் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் ஊர் காறித் துப்பும். அதனால் அவள் மோர்கூடக் குடிக்காமல் எழுந்தாள்.

"பொண்ணப் பெத்த ஆம்பள எங்கள வாங்கன்னு கூப்பிடட்டும், அன்னிக்கி கை நனைக்கிறோம். அவருக்கு லீவு கெடைக்கலன்னா இன்னா? நாங்க போயிப் பாக்கறோம். நான் மெட்ராசையே செரியாப் பாத்தது இல்ல. சென்ட்ரல்ல எறங்கி ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி உட்டா சென்ட்ரல். கோட்டையும் பாத்த மாதிரி ஆச்சி, சம்மந்தியப் பாத்த மாதிரியும் ஆச்சி."

வேறு வழியில்லாமல் பஞ்சவர்ணம் தன் தம்பி செங்கல்வராயனைப் பிடித்தாள். அவன் பூந்தமல்லி ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுகிறவன். வடக்கத்திச் சேட்டுகளையும் எப்போதாவது வெள்ளைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் முழுக்கச் சுற்றிக் காட்டுவான். எந்தக் கட்டடத்துக்கு முன்னால் எதைச் சொல்ல வேண்டும் என்று வாய் பழகியிருந்தது.

"யக்கா, கம்னு இரு," என்றான் அவன். "ஞாயித்துக்கெழம இட்டுகினு போலாம். அன்னிக்கி கோட்டையில ஆபீசு லீவு. உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது. வெளிய நின்னு கொடிமரத்தக் காட்டிட்டு, அப்படியே பீச்சுக்கு வளைச்சிட்டா வேல முடிஞ்சிது."

பஞ்சவர்ணத்துக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கான்கிரீட் போடுகிற நாளுக்கு ஞாயிறு கிடையாது, திங்கள் கிடையாது. டாக்ஸிக்காரனுக்கோ ஞாயிறுதான் அறுவடை. இரண்டு பேரும் கோட்டையின் பூட்டைப் பற்றி யோசித்தார்களே தவிர, அந்தப் பூட்டுக்கு வெளியே ஒரு பியூன் அன்றைக்கு என்ன செய்வான் என்று யோசிக்கவில்லை.

கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து புளிச்சோறு கிளறினாள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டாள், வேர்க்கடலை போட்டாள். பெரிய தூக்கில் அமுக்கி நிரப்பி, மேலே வாழையிலையை மூடிக் கட்டினாள். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து வடகம் பொரித்தாள்.

"ம்மா, நைனாவக் கேட்டா இன்னா சொல்லப் போற?"

"நீ வடகத்தப் பாரு. கருவுது."

வேப்பம்பட்டுக்காரர்கள் பாசஞ்சரில் வந்து அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். குப்பம்மா மாம்பழக் கலர் சேலையில், காலில் புதுச் செருப்போடு வந்தாள். செருப்பு கடிப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வேம்புலி கொல்லாபுரத்துச் செருப்பும் தோளில் துண்டுமாகப் பின்னால் வந்தார். செங்கல் சூளையில் வெந்த உடம்பு. பேச்சு குறைவு, பசி அதிகம்.

முன் சீட்டில் வேம்புலி, பின் சீட்டில் இரண்டு பெண்கள், நடுவில் தூக்கு. பாடி தாண்டி வில்லிவாக்கம் வழியாக வண்டி போனது. தூக்கிலிருந்து பெருங்காய வாசனை கிளம்பி வண்டிக்குள் சுற்றியது. வேம்புலி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இன்னா அங்க திரும்பித் திரும்பி? ரோட்டப் பாரு," என்றாள் குப்பம்மா.

"ரோட்டத்தான் பாத்துகினு கீறேன்."

"ரோடு உனுக்குத் தூக்குலயா போட்டு வெச்சிகீறாங்க?"

செங்கல்வராயன் சிரித்தான். எழும்பூர் வந்ததும் அவன் குரல் மாறியது. சேட்டுகளிடம் பேசுகிற குரல்.

"தோ பாருங்க அண்ணாத்தே, செவப்பாத் தெரியிதே, அதான் மூசியம், செத்த காலேஜ். உள்ள திமிங்கிலத்து எலும்பு கீது. நம்ம வண்டிய உள்ள உட்டு திருப்பலாம், அத்தினி பெருசு. ராசாங்க வெச்சிருந்த பீரங்கி கீது, கத்தி கீது, கல்லுல சாமிங்கோ கீது."

உள்ளே போனார்கள். குப்பம்மா திமிங்கில எலும்பின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இத்த அறுத்து குழம்பு வெச்சா எத்தினி ஊரு துன்னும்?" என்றாள்.

"வேப்பம்பட்டு துன்னும். திருநின்றவூருக்கும் மீறும்," என்றார் வேம்புலி. அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பஞ்சவர்ணம் எலும்பைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்று மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். இங்கே கொஞ்சம் இழுத்தால் கோட்டைக்கு நேரம் குறையும் என்று, "அண்ணி, அந்தப் பக்கம் பாம்புங்கள பாட்டில்ல போட்டு வெச்சிகீறாங்களாம்," என்றாள். குப்பம்மா அதையும் பார்த்தாள். அசராமல் பார்த்தாள்.

அடுத்தது உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை. கூண்டுக்குள் சிங்கம் படுத்திருந்தது. ஒரு ஆள் இறைச்சித் துண்டைக் கம்பியில் குத்தி உள்ளே தள்ளினான். வேம்புலி அதைப் பார்த்து எச்சில் விழுங்கினார். உச்சி வெயில் வந்துவிட்டது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பஞ்சவர்ணம் தூக்கை இறக்கினாள்.

"அண்ணி, ரெண்டு வாய் துன்னுட்டுப் போலாமே. அண்ணன் மொகமே வாடிப் பூட்சி."

"அவுரு மொகம் பொறந்ததுல இருந்தே அப்டித்தான்," என்றாள் குப்பம்மா. "சொன்னது சொன்னதுதான் பஞ்சவர்ணம். பொண்ணுக்கு அப்பன் வந்து கூப்புட்டா துன்றோம். இப்ப கையை நனைச்சிட்டு, அப்பால அந்தாளு ஒத்துக்கலன்னா நான் எங்க போயி மூஞ்சிய வெச்சிக்கிறது?"

"அவரு எங்க ஒத்துக்காம இருக்கப் போறாரு."

"அத்த அவுரு வாயால சொல்லட்டும்."

"ஒரு வாய் மட்டும்..." என்று வேம்புலி ஆரம்பித்தார்.

"ஒரு வாயும் வாய்தான்."

செங்கல்வராயன் சோடா வாங்கித் தந்தான். காசு கொடுத்துக் கடையில் வாங்கியதைக் குடிக்கலாம், அதில் சம்பந்தம் கிடையாது. வேம்புலி இரண்டு சோடா குடித்து ஏப்பம் விட்டார். பஞ்சவர்ணம் தூக்கை மறுபடி தூக்கினாள். தலையில் எத்தனை சட்டி சுமந்தவள். அந்தத் தூக்கு அன்றைக்குக் கை இற்றுப்போகக் கனத்தது.

சென்ட்ரல், ஐகோர்ட்டு, அதன் உச்சியில் கலங்கரை விளக்கு. ஒவ்வொன்றுக்கும் செங்கல்வராயன் ஒரு கதை வைத்திருந்தான். "வெள்ளக்காரன் மொதமொத குந்துன எடம் இந்தக் கோட்டைதான். இங்க இருந்துதான் பெசவாடா வரைக்கும், மலையாளம் வரைக்கும் அதிகாரம் பண்ணான். அப்போ நம்ம அம்பத்தூரு, ஆவடில்லாம் இவனுக்கு நெல்லு அளந்த ஊருங்க."

"நெல்ல அளந்தவன் வேற, நட்டவ வேற," என்றாள் குப்பம்மா. "நட்டவளுக்கு அவன் எதுனா அளந்தானா?"

செங்கல்வராயன் ஹாரனை அடித்தான்.

கோட்டை வாசலில் வண்டி நின்றது. அகழியில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. உயரத்தில் கொடி பறந்தது. உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. பஞ்சவர்ணத்துக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. தம்பி சொன்னது சரிதான்.

"அடடா," என்று செங்கல்வராயன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்ல? ஆபீசு லீவு. மாமாவப் பாக்க முடியாது போல கீதே. செரி, கொடிமரத்தப் பாருங்க, கப்பல்ல வந்த மரம்னு சொல்றாங்க. பாத்துட்டு பீச்சுக்குப் போலாம். காத்து ஷோக்கா வரும்."

குப்பம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். கடித்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கொடிமரத்தைப் பார்த்தாள். மூடியிருந்த கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள்.

"லீவா?"

"ஆமா அண்ணி. அதான் பாருங்களேன், நம்ம நேரம்."

"என் மவனுக்கும் ஞாயித்துக்கெழம லீவு. சனிக்கெழம சாயங்காலமே ஊட்டுக்கு வந்து, சட்டையக் கயட்டிப் போட்டுட்டு குப்புறப் படுத்துக்குவான். இன்னிக்கி காலீல நாங்க கெளம்பும்போதுகூட தூங்கிகினுதான் இருந்தான்." குப்பம்மா நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "கோட்டைக்கு லீவுன்னா, உன் ஊட்டுக்காரர் இப்ப உன் ஊட்டுல இல்ல இருக்கணும்?"

செங்கல்வராயன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். பஞ்சவர்ணத்துக்கு உள்ளங்கால் சுட்டது. அது தார் ரோட்டுச் சூடு மட்டும் அல்ல.

"அவருக்கு... வாச்மேன் டூட்டியும் சேத்துக் குடுத்துட்டாங்க அண்ணி. ஞாயித்துக்கெழமன்னா அவருதான் காவலு."

"காவலா? அப்ப உள்ளதான் கீறாரு. ரொம்ப நல்லதாப் போச்சி." குப்பம்மா செருப்பைக் கையில் பிடித்தபடியே வாசல் போலீஸ்காரரிடம் நடந்தாள். "நைனா, உள்ள திருவேங்கடம்னு ஒருத்தரு வாச்மேனா கீறாராம். கொஞ்சம் கூப்புடறியா? பொண்ணு விசயமா வந்துகீறோம்."

"எந்த செக்சன்மா? காவலுக்கு இருக்கறது நாங்கதான். அப்டி யாரும் இல்ல."

குப்பம்மா திரும்பி வந்தாள். கத்துவாள் என்று பஞ்சவர்ணம் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள், மேஸ்திரியின் கத்தலில் வளர்ந்த காது. குப்பம்மா கத்தவில்லை.

"இன்னாமே, என்னை டபாய்க்கிறியா? வெயில்ல செத்த மீனு, உசுரு சிங்கம்னு காட்டி, பட்டினி போட்டு இஸ்துகினு வந்து டபாய்க்கிறியா? செத்துப் பூட்டானா அந்தாளு?"

"இல்ல."

"ஜெயில்ல கீறானா?"

"ஐயோ, இல்ல அண்ணி."

"பின்ன?"

பஞ்சவர்ணம் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "தம்பி, கொத்தவால் சாவடிக்கு வுடு," என்றாள்.

"யக்கா, வேணாம். நான் சொல்றதக் கேளு."

"உன் ரோசனையக் கேட்டுத்தான் இங்க நிக்கிறேன். வுடு."

அவள் மனசில் ஒரே ஒரு கணக்குதான் இருந்தது. திருவேங்கடம் அவளுக்குத் திரும்ப வேண்டாம். ஒரே ஒரு நாள் வந்து வெள்ளை வேட்டியில் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தால் போதும். இன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை, வாங்க சாப்பிடுங்க என்று சொன்னால் போதும். அவன் கையைக் காலைப் பிடித்தாவது சொல்ல வைத்துவிடலாம்.

சாவடி தெருவுக்குள் வண்டி நுழையாது. முனையில் நிறுத்தினார்கள். அழுகின கோஸ் இலையும் வெங்காயச் சருகும் கணுக்கால் வரைக்கும் கிடந்தன. வேம்புலி வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். குப்பம்மா இறங்கிக் கூடவே நடந்தாள்.

திருவேங்கடம் மண்டி ஓரத்தில், நுகத்தடி தரையில் சாய்ந்த கைவண்டியின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். தோளில் காய்ப்பு கருத்துக் கிடந்தது. இளைத்திருந்தான். பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் பீடியை மறைத்தான், பழைய பழக்கம்.

"இன்னா இவ்ளோ தூரம்?"

"வசந்தாவுக்கு எடம் வந்துகீது," என்றாள் அவள் வேகவேகமாக. "ஆவடி பாக்டரில மாப்ள. இவங்கதான் மாப்ளயோட அம்மா. நீ ஒண்ணும் பண்ண வேணாம். வாங்கன்னு ஒரு வார்த்த கூப்புடு. அப்பால வைகாசில வந்து ஒரு நாளு மணையில குந்து. நான் வேற எத்தையும் கேக்கல."

அவன் குப்பம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். மரியாதை தெரிந்தவன்தான். தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். மண்டிக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவன் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்த் திரும்பியது.

"வரேன்," என்றான். "ஏன் வராம? நம்ம பொண்ணு. காலீல வந்து குந்திட்டு, தாலி கட்டுனதும் கெளம்பிடுவேன். இங்க அது ஒண்டியா கீது, கைப்புள்ளய வெச்சிகினு. ராத் தங்க முடியாது. எனுக்கு ஒரு வேட்டி சட்டை மட்டும் எடுத்து வெச்சிடு. இத்தோட வந்தா உனுக்குத்தான் அசிங்கம்."

பஞ்சவர்ணம் தலையாட்டிவிட்டாள். அது போதும். அவள் கேட்டதே அதுதான். "செரி, இப்ப வந்து கூப்புடு," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "தோ, வண்டி முனையிலதான் நிக்கிது. சோறு கொண்டாந்துகீறேன்."

"இரு," என்றாள் குப்பம்மா.

அவள் திருவேங்கடத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள். "பொண்ணு இப்ப எப்டி கீறான்னு கேக்கலியே நீ? கறுப்பா செவப்பா, ஒசரமா குட்டையா, மாப்ள பேரு இன்னா, எத்தையுமே கேக்கல. வேட்டியத்தான் கேட்ட."

"அது... வந்து பாக்கத்தானே போறேன்."

"வராத."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். பஞ்சவர்ணம் அவன் கையை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். சருகில் கால் வழுக்கியது.

"அண்ணி, நில்லுங்க. தப்புதான், நான் சொன்னது பொய்தான். எம் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அவ மேல வெச்சிப் பாக்காதீங்க. அவரு வரேன்னுதானே சொல்றாரு? ஒரு நாளு மணையில குந்திட்டா நாலு பேரு கண்ணுக்கு..."

"நாலு பேரு கண்ணுக்கு இன்னா? எம் மருமவளத் தார வார்க்கும்போது, அவன் கண்ணு முழுக்க கெளம்பற பஸ்ஸு மேல இருக்கும். அந்தாளு கையால எம் மவன் பொண்ணு வாங்கறதா?"

எம் மருமவ என்று அவள் சொன்னது பஞ்சவர்ணத்தின் காதில் உடனே ஏறவில்லை. நடந்துகொண்டே இருந்தாள்.

வண்டி அருகே வந்ததும் குப்பம்மா நின்றாள். மூச்சு வாங்கியது. "கேட்டுக்கோ பஞ்சவர்ணம். உன் தம்பியும் அவன் பொண்டாட்டியும் மணையில குந்தட்டும். தாய்மாமன் குந்தனா ஊர் இன்னா சொல்லும்? சொல்லட்டும். எவன் கேட்டாலும், புருசன் என்னை உட்டுட்டு ஓடிப் பூட்டான்னு சொல்லு. பியூனு, வாச்மேனு, லீவு கெடைக்கலன்னு உதார் உட்ட, நான் எழுந்து பூடுவேன். சொல்லுவியா?"

பஞ்சவர்ணத்துக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. இத்தனை நாளும் தண்ணிக் குழாயடியில், கலவை மேடையில், ரேஷன் கடையில் கட்டிக் காத்ததை ஒரே வார்த்தையில் அவிழ்த்துவிடச் சொல்கிறாள். ஓடிப்போனான் என்று வாயால் சொல்லிவிட்டால் அவன் நிஜமாகவே ஓடிப்போனவன்தான்.

"சொல்லு, ஜல்தி. பசில உசுரு பூது."

"ஓடிப் பூட்டான்," என்றாள் பஞ்சவர்ணம். குரல் எழவில்லை. செங்கல்வராயன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இன்னா?"

"என் புருசன் என்னை உட்டுட்டு ஓடிப் பூட்டான். பொண்ணப் பெத்தவ நான் கூப்புடறேன். கை நனைங்க."

"அப்டிச் சொல்லு. தூக்கத் தெற."

மூடியிருந்த ஒரு கடையின் படியில் இலையைக் கிழித்துப் போட்டார்கள். குழாயில் கை கழுவி வருவதற்குள் வேம்புலி உட்கார்ந்தே விட்டார். பஞ்சவர்ணம் அள்ளி அள்ளி வைத்தாள். எண்ணெய் ஊறிய சோறு விரலில் மின்னியது. முதல் கவளத்தைக் குப்பம்மா வாயில் போட்டு மென்றாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலு," என்றாள். "ஆனா நல்லா கீது. யாரு வடகம் பொரிச்சது? கருக உட்டுகீது."

"வசந்தா."

"அவளுக்கு நான் கத்துக் குடுத்துக்கறேன்."

"எனுக்கு இது கருகுனதாவே தெரில," என்றார் வேம்புலி, வாய் நிறைய.

சந்து வாயில் திருவேங்கடம் வந்து நின்றிருந்தான். தோளில் துண்டு, கையில் அணைந்த பீடி. கூப்பிட்டால் வரலாம் என்கிற மாதிரி ஒரு காலை முன்னால் வைத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. உள்ளிருந்து யாரோ வண்டிக்குக் குரல் கொடுத்தார்கள். அவன் போகவும் இல்லை.

பஞ்சவர்ணம் பார்த்தாள். கரண்டி அரை நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு வேம்புலியின் இலையில் இறங்கியது.

"போதும்மா, நீ துன்னு," என்றார் அவர்.

"குந்து," என்றாள் குப்பம்மா, படியில் தள்ளி இடம் விட்டு. "நின்னுகினே எத்தினி நேரம் பரிமாறுவ?"

தூக்கில் மிச்சம் இருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு, சந்துக்கு முதுகைக் காட்டி பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரிய பெரிய கவளமாக உருட்டிச் சாப்பிட்டாள்.